பரிசுப் பெட்டகத்தில் முப்பது துணி வையுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

ராஜபாளையத்துக்கும் சத்திரப்பட்டிக்கும் பக்கத்தில் உள்ள ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 2017-ல் பிறந்தாள், சின்னவன் 2023-ல். இரண்டு பிரசவமும் அரசு மருத்துவமனையில்தான். இரண்டு தடவையும் உயிருக்கு உயிராகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

மூத்தவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியபோது குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள். 2015-ல் தொடங்கிய திட்டம். பதினாறு பொருட்கள், ஆயிரம் ரூபாய் மதிப்பு. துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, எனக்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம். நாப்கினும் அதில் உண்டு. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நனைக்கிற பச்சைக் குழந்தைக்கு அது எந்த மூலைக்கு? கிலுகிலுப்பையைக் கையில் பிடிக்கப் பிள்ளைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். துணி முதல் நாளே வேண்டும்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டகத்தில் முப்பது நல்ல பருத்தித் துணிகள் வையுங்கள். அவற்றைக் கட்டவும் துவைக்கவும் தாய்க்குச் சொல்லித்தரச் செவிலியருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் துவைக்க ஒரு இடமும் காயப்போட வெயில்படும் கொடியும் ஏற்பாடு செய்யுங்கள். ஏன் என்பதுதான் மீதிக் கடிதம்.

மூத்தவள் பிறந்த மறுநாள் காலை, வார்டில் வேலை பார்த்த அம்மா ஒருவர் வந்தார். “டயாப்பர் பாக்கெட் ஒன்னு வாங்கியாரச் சொல்லும்மா. பெட்ஷீட் நனைஞ்சா மாத்துறதுக்கு வேற இல்லை” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா ஒரு மஞ்சப்பை நிறைய அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, துவைத்து, வெந்நீரில் அலசி, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்து, பிரிக்காமல் வீட்டுக்குத் திரும்பியது. வாசலில் இருந்த மருந்துக் கடையில் என் வீட்டுக்காரர் பாக்கெட் வாங்கி வந்தார். சிஸ்டர் கையால் முதல் டயாப்பர் மாட்டப்பட்ட பிறகு, துணி என்பது பழங்காலத்து ஆட்களின் சமாச்சாரம் என்று எனக்கே தோன்றிவிட்டது. மருத்துவமனையில் முதல் மூன்று நாளில் பார்ப்பதைத்தான் நாங்கள் சரியான முறை என்று வீட்டுக்கு எடுத்துப்போகிறோம். உங்கள் துறைக்கு இந்த மடலை எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் தாய்ப்பால்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை, ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போனால் பால் போதுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் செவிலியர்களே இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் டயாப்பர் போட்ட பிள்ளை எத்தனை தடவை போனது என்று எப்படி எண்ணுவது? உள்ளே இருக்கும் குருணை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். நாளைக்கு மூன்று மாற்றினேன், மூன்றும் லேசாகவே இருந்தன. பிள்ளை வேறு அழுதுகொண்டே இருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “பால் பத்தலை” என்றார்கள். பச்சை உடம்போடு, தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த இரண்டு சொல் போதும். பதினாறாம் நாள் பால் பவுடர் டப்பா வீட்டுக்கு வந்தது. ஐந்தாம் மாதத்தில் என் பால் நின்றே போய்விட்டது.

சின்னவனுக்குத் துணி கட்டினேன். முதல் வாரத்தில் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர் தாளில் ஒவ்வொரு ஈரத்துக்கும் ஒரு கோடு போட்டேன். ஒன்பது, பதினொன்று, பத்து. அதே சொந்தக்காரர்கள் வந்தார்கள், அதே சொல்லைச் சொன்னார்கள். அத்தை, அதாவது என் மாமியார், காலண்டரைக் காட்டி, “பத்துத் துணி நனைச்சிருக்கான், பால் பத்தாமயா?” என்று கேட்டார். பேச்சு அதோடு நின்றது. டப்பா வாங்கவில்லை. ஒரு நனைந்த துணி தாய்க்கு இவ்வளவு தைரியம் கொடுக்கும் என்று யாரும் எனக்கு முன்னால் சொன்னதில்லை. தாய்ப்பாலுக்காக நீங்கள் ஒவ்வொரு ஆகஸ்டு முதல் வாரமும் எடுக்கிற முயற்சியில் இந்தத் துணிக்கும் ஒரு இடம் கொடுக்கலாம்.

இனி, டயாப்பர் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

கடை டயாப்பரை ஒரு நாள் கத்தரியால் வெட்டிப் பார்த்தேன். வெளியே பாலிதீன் தாள். உள்ளே துணி மாதிரி தெரிவது துணி இல்லை, அதுவும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். நடுவில் மரக்கூழ், அதோடு கலந்த சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைக் குருணை. ஈரம் பட்டதும் ஜவ்வரிசி போல ஊதிக் கூழாகிவிடும். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் தெருநாய்கள் டயாப்பரைக் கடித்துக் குதறிப் போட்டிருக்கும். மழை பெய்த மறுநாள் அந்தக் கூழ் மண்ணோடு வழுக்கிக்கொண்டு கிடக்கும். மாடு வாய் வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குப்பை வண்டியில் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒரு நாள் என் வீட்டு வாசலில் நின்று, நான் கொடுத்த பையைப் பிரித்தார். மக்கும் குப்பை தனியே, மக்காத குப்பை தனியே போக வேண்டும் அல்லவா? உள்ளே நான்கு டயாப்பர்கள் சுருட்டிக் கிடந்தன. ஒன்று அவிழ்ந்து மலத்தோடு விரிந்துகொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு, வெறும் கையால் அதை மடித்து ஓரமாக வைத்தார். எனக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசிப்போனது. என் பிள்ளையின் மலத்தை இன்னொரு பெண் தினமும் கையால் அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். காசு கொடுத்துப் பாக்கெட் வாங்கிவிட்டதால் அது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

டயாப்பர் பாக்கெட்டின் மேல், மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் சுருட்ட வேண்டும் என்று சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். செய்கிறவர்கள் யார்? நான் செய்ததில்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் படித்தேன். டயாப்பர் தயாரிக்கிற நிறுவனங்கள் அதைச் சுற்றிப் போட உறை கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் நன்றாகச் சுற்றி மக்காத குப்பையோடு கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் இரண்டு வருடம் வாங்கிய எந்தப் பாக்கெட்டிலும் உறை இல்லை. கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியாது.

கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 2013-ல் சட்டம் போட்டோம். குழந்தை மலம் அந்தச் சட்டத்தின் கணக்கில் வருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை மனுஷி ஒருத்தி தொடத்தான் செய்கிறார்.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனமில்லை. என் அம்மாச்சிக்கு எட்டுப் பிரசவம். எட்டுக்கும் துணிதான். ஆனால் அந்தத் துணிகளை அம்மாச்சி துவைக்கவில்லை. தீட்டுத் துணி என்று சொல்லி, பிள்ளை பெற்ற வீட்டுத் துணியை எல்லாம் மூட்டையாகக் கட்டி, கொல்லைப்புறம் வந்து நிற்கும் வண்ணார் வீட்டு அம்மாவிடம் கொடுத்தார்கள். அதற்குக் கூலி, ஒரு வேளைச் சோறும் அறுவடையின்போது கொஞ்சம் நெல்லும். அம்மாச்சி இதைச் சாதாரணமாகத்தான் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் சாதாரணமாக இல்லை. அன்றைக்கு அந்த அம்மா, இன்றைக்கு வண்டி தள்ளி வரும் அக்கா. நடுவில் பிளாஸ்டிக் வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். நான் கேட்கும் துணி அம்மாச்சி காலத்துத் துணி இல்லை. மலம் அந்த வீட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டும், துணியை அந்த வீட்டுத் தாயும் தகப்பனும் துவைக்க வேண்டும். அப்படியொரு துணியைத்தான் கேட்கிறேன்.

தகப்பனும் என்று எழுதியது யோசித்துத்தான். “துணி டயாப்பர் என்றால் பொம்பளைக்கு இன்னொரு வேலை” என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். நூற்றுக்கு நூறு உண்மை. வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பாக்கெட் டயாப்பர் கொடுத்த நிம்மதியைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. எங்கள் வீட்டில் சின்னவன் பிறந்ததும் பேசி முடிவு செய்தோம். காலை ஆறு மணிக்கு வாளியைத் தூக்குவது என் வீட்டுக்காரர். முதல் வாரம் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது மாதம் அந்த வீட்டு மருமகனும் துவைத்தார். உங்கள் செவிலியர் துணி கட்டச் சொல்லித்தரும் அந்தப் பத்து நிமிடம் தகப்பனும் கட்டாயம் நிற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். ஒரு வரிதான், ஆனால் அது இல்லாவிட்டால் இந்தத் திட்டமே பெண்கள் தலையில் இன்னொரு சுமையாக விழுந்துவிடும்.

வேலை எவ்வளவு என்று சொல்கிறேன். மூடியுள்ள வாளி ஒன்று, தண்ணீர் ஊற்றாமல் காலியாக இருக்கும். ஒன்றுக்குப் போன துணியை ஒரு தடவை அலசிப் பிழிந்து அதில் போடுவோம். இரண்டுக்குப் போன துணியைக் கழிப்பறையில் குழாய் வைத்துப் பீய்ச்சி அடித்துவிட்டுப் போடுவோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மலம் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும், அருவருப்பு ஒன்றும் இல்லை. சோறு ஊட்ட ஆரம்பித்த பிறகு கட்டியாக இருப்பதால் தட்டினாலே விழுந்துவிடும். காலையில் மொத்தமாகச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, சோப்பு போகிற வரைக்கும் நன்றாக அலசி, வெயிலில் விரித்துவிட வேண்டும். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் மட்டும் ஊற்றவே கூடாது. அது நூல் மேல் படிந்துகொண்டு, துணி ஈரத்தை இழுக்காது. மஞ்சள் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஈரத்தோடு சித்திரை வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். பொழுது சாய்வதற்குள் அத்தை கொடியைக் காலி செய்துவிடுவார். இருட்டிய பிறகு பிள்ளைத் துணி வெளியே கிடக்கக் கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள கட்டுப்பாடு. பனி இறங்குவதற்குள் துணி உள்ளே வந்துவிடும் என்பதால் எனக்கும் அதில் சம்மதம்தான்.

தண்ணீர் ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து வாளி ஆகும். கோடையில் எங்கள் பக்கம் அது பெரிய விஷயம்தான். ஒளிக்கவில்லை. கடைசியாக அலசிய தண்ணீரை முருங்கைக்கும் வாழைக்கும் விட்டோம். குழாயில் நான்கு நாளைக்கு ஒரு தடவை மட்டும் தண்ணீர் வரும் தெருவில் இருக்கிற தாய், பாதி நாள் துணியும் பாதி நாள் டயாப்பருமாக ஓட்டினாலும் அது தப்பில்லை.

பிரிட்டனில் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2005-லும், பிறகு 2008-லும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. இரண்டரை வருடத்துக்கு ஒரு குழந்தையின் கடை டயாப்பரால் வெளியாகும் கார்பன் 550 கிலோ. துணி நாப்கினால் 570 கிலோ. அங்கே துணி தோற்றது! காரணம், அவர்கள் துவைத்த விதம். மின்சாரத்தில் சூடாக்கிய தண்ணீர், மின்சார உலர்த்தி. அதே துணியை இயந்திரம் நிறையச் சேர்த்துத் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் வைத்துக்கொண்டால் 40 சதவீதம் குறைகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. 2023-ல் மறுபடி கணக்கிட்டபோது, துணியின் பங்கு கடை டயாப்பரைவிட 25 சதவீதம் குறைவு என்று வந்தது. கொடியில் காயப்போடுவதும், அக்கா துணியைத் தம்பிக்கு வைப்பதும் அங்கே நிபந்தனைகள். இங்கே அவைதான் வழக்கம். பச்சைத் தண்ணீரில் துவைத்து, விருதுநகர் மாவட்டத்து வெயிலில் காயவைக்கிற துணிக்கு மின்சாரச் செலவு என்ன இருக்கிறது?

பணக் கணக்கும் உண்டு. நாளைக்கு ஐந்து என்று வைத்தால் இரண்டு வருடத்துக்கு 3,650 டயாப்பர். ஒன்று பத்து ரூபாய் என்றால் 36,500 ரூபாய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஒரு தாய்க்குப் பணமும் பொருளுமாக நீங்கள் கொடுப்பது 18,000. அவள் முட்டையும் கீரையும் பழமும் சாப்பிட வேண்டும் என்று கொடுக்கிற தொகையைப் போல இரண்டு மடங்கு குப்பைக்குப் போகிறது. மாநிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் பிள்ளைகள் பிறக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் உங்கள் மருத்துவமனைகளில். ஒரு லட்சம் தாய்மார் மட்டும் துணிக்கு வந்தால் இரண்டு வருடத்தில் 36 கோடிக்கு மேல் டயாப்பர் அந்த அக்காக்களின் கைக்கு வராது.

இப்போது துணியைப் பற்றி. இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். உங்கள் மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டுகிறீர்களே, அதே ரகம். என் மாமனாரின் தம்பி வீட்டில் எட்டுத் தறிகள். அத்தை சின்ன வயதிலிருந்தே தறிக்கு நூல் தார் சுற்றியவர். சின்னவன் வயிற்றில் இருக்கும்போது, தறியிலிருந்து அப்போதுதான் இறக்கிய துணியில் நான்கு கெஜம் வெட்டி வந்தேன். புத்தம் புதுசு, பஞ்சு மாதிரி இருந்தது. அத்தை அதில் ஒரு துண்டைக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டார். அது மிதந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் மேலே வந்தது. “இதைப் பிள்ளைக்குக் கட்டினா மூத்திரம் காலில்தான் வழியும்” என்றார். சித்தப்பா வீட்டிலிருந்து, சலவை ஆலைக்குப் போய் வந்த அதே துணியை எடுத்து வந்து போட்டார். தண்ணீரைத் தொட்டதும் நனைந்து, நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பருத்தி நூலில் இயற்கையாகவே மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. நெடுக்கே ஓடும் பாவு நூலுக்குத் தறிக்காகப் போட்ட கஞ்சி வேறு. சலவையில் சோடா போன்ற காரம் போட்டு வேகவைத்து அது இரண்டையும் எடுத்த பிறகுதான் துணி ஈரத்தை இழுக்கும். சலவைக்குப் போகாத துணியை வீட்டிலேயே பல தடவை வெந்நீரில் துவைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நிலைக்கு வரும். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பழைய வேட்டிதான் முதல் துணி என்று என் அம்மா ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பத்து வருடம் துவைத்த வேட்டியில் மெழுகும் கிடையாது, கஞ்சியும் கிடையாது. உங்கள் பெட்டகத்தில் வரும் துணி புதுசாக, மொடமொடவென்று, கண்ணுக்கு அழகாக இருந்தால் தாய் ஒரு தடவை கட்டிப் பார்ப்பாள். வழியும். தூக்கிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போவாள். முப்பது துணி கொடுத்தும் பிரயோஜனம் இல்லாமல் போய்விடும்.

எங்கள் வீட்டில் பயன்பட்டது இதுதான்: சலவை செய்த காஸ் துணி, இரண்டு அடுக்கு, ஓரம் மடித்துத் தைத்தது, பக்கத்துக்கு எழுபது சென்டிமீட்டர் உள்ள சதுரம். முக்கோணமாக மடித்துக் கோவணம் மாதிரி கொண்டுவந்து இடுப்பில் ஒரு முடிச்சு. பின் தேவையில்லை. பிள்ளை வளர வளர மடிப்பை மாற்றினால் போதும், அளவு மாற்ற வேண்டாம். ராத்திரிக்கு இரண்டு துணியை ஒன்றாக வைத்து, மேலே ஈரம் கசியாத மேலுறை ஒன்று போடுவேன். அந்த மேலுறையில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான்கே மேலுறைகள் இரண்டு வருடம் ஓடின, இப்போது நாத்தனார் பிள்ளைக்குப் போயிருக்கின்றன.

கடைகளில் பட்டன் வைத்து, பல நிறத்தில், உள்ளே தடித்த பட்டை செருகிய துணி டயாப்பர்கள் வருகின்றன. அவையும் நல்லவைதான், வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். அரசு கொடுப்பதற்கு நான் வெறும் சதுரத் துணியையே சொல்வேன். தடித்த பட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளானாலும் காயாது. காஸ் துணி கண்ணி விட்டு நெய்தது. மின்விசிறிக்குக் கீழே கட்டினாலே ராத்திரிக்குள் உலர்ந்துவிடும். கோளாறு ஆகிற பட்டனோ எலாஸ்டிக்கோ எதுவும் அதில் இல்லை.

துணி கட்டிய பிள்ளைக்குப் புண்ணே வராது என்றும் நான் சொல்ல மாட்டேன். நனைந்த துணியை அப்படியே விட்டால் கடை டயாப்பரைவிடச் சீக்கிரம் தோல் சிவக்கும். நனைந்ததும் மாற்ற வேண்டும், அது ஒன்றே வழி. பகலில் கொஞ்ச நேரம் ஒன்றுமே கட்டாமல் விடுவோம். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் சின்னவனை உட்காரவைத்து “ஸ்ஸ்ஸ்” என்பார். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் அப்படி உட்காரவைத்தால் பாதித் தடவை வேலை முடிந்துவிடும், ஒரு துணி மிச்சம். எட்டாவது மாதத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவன் முகம் சீரியஸாகிவிடும். இதெல்லாம் எங்கள் வீடுகளில் இன்னும் தெரிந்த பாட்டிமார் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் கழித்துக் கேட்டால் யார் சொல்லித்தருவார்கள் என்று தெரியவில்லை.

நானும் மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போதும், கல்யாண வீட்டு ராத்திரிகளிலும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்த இரண்டு நாளும் கடை டயாப்பர்தான் போட்டேன். தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2019 ஜனவரி முதல் தேதி 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கினீர்கள். டீ குடிக்கும் கப்பைக்கூட யோசித்த அரசு, பிறந்த பிள்ளையின் இடுப்பில் இருப்பதையும் யோசிக்கலாம் என்பதுதான் என் வேண்டுகோள். என் அம்மா அன்றைக்குக் கொண்டுவந்ததும் ஒரு மஞ்சப்பைதான்.

இதற்கு வெளிநாட்டிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ எதுவும் வரவழைக்க வேண்டாம். துணி எங்கள் தறிகளில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்கின்றன. நான்கு பக்கமும் ஓரம் மடித்துத் தைப்பது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. சொல்லித்தர கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார், பிள்ளை பிறந்த வீட்டுக்கு எப்படியும் வருகிறார். குழந்தைக் காப்பகங்களுக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள். சின்னவனை ஒரு வயதில் ஒரு காப்பகத்தில் சேர்க்கப் போனபோது, “துணி எல்லாம் எடுத்துக்க மாட்டோம்” என்றார்கள். நனைந்ததைப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள், சாயங்காலம் நானே எடுத்துப்போகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அரசின் சுற்றறிக்கை ஒன்று கையில் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

முதலில் ஒரே ஒரு மருத்துவமனையில் ஆரம்பியுங்கள். விருதுநகர் மாவட்டத்திலேயே ஆரம்பித்தால், துணி கட்டிக் காட்ட நானும் அத்தையும் வருவோம். என் வீட்டுக்காரர் துவைத்துக் காட்டுவார்.

இந்த மடலின் நகலோடு இரண்டு துண்டுத் துணிகளைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே தறியில் நெய்தவை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து இரண்டையும் மேலே போட்டுப் பாருங்கள். ஒன்று மிதக்கும், ஒன்று மூழ்கும். ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போது, மூழ்குகிற துணியைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
ராஜபாளையம் வட்டம்